கடைவாய்ப் பல் எடுக்கப் போகிறீர்களா? எலும்பு கரையாமல் குழியைக் காப்பாற்றும் வழி

கடைவாய்ப் பல்லை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், வலிக்குமா, எவ்வளவு ஆகும் என்ற இரண்டு கேள்விகளைத்தான் நாம் கேட்கிறோம். பல் போன பிறகு அதைத் தாங்கிய எலும்பு என்ன ஆகும் என்று கேட்பதில்லை. எனக்கு இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்தபோது அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில வருடம் கழித்து அங்கே இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கப் போனபோது, “எலும்பு மெலிந்துவிட்டது, முதலில் எலும்பு வைத்துக் கட்ட வேண்டும்” என்றார்கள். செலவும் கூடியது, காத்திருப்பும் கூடியது. பிறகு வலது பக்கப் பல்லுக்கும் அதே நிலை வந்தபோது, முன்கூட்டியே விசாரித்து, பல் இருந்த குழியைக் காப்பாற்றும் சிகிச்சையோடு எடுத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் பட்டதை வைத்து எழுதுகிறேன். இது உங்கள் டாக்டரிடம் பேசுவதற்கான தயாரிப்பு. அவர் சொல்வதற்கு இது மாற்று ஆகாது.

நடப்பது இதுதான். பல் வேரைச் சுற்றியுள்ள தாடை எலும்பு பல்லுக்காகவே இருப்பது. பல் போனதும் அது சுருங்கத் தொடங்கும். பின்பற்களில் முதல் 12 மாதத்தில் எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதி குறையலாம். அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே போய்விடும். கன்னத்துப் பக்கச் சுவர் மெல்லியது என்பதால் முதலில் கரைவது அதுதான். பல் எடுத்த உடனே அந்தக் குழியில் எலும்புத் துகளை நிரப்பி, மேலே ஒரு மெல்லிய படலத்தை வைத்துத் தையல் போடுவதைத்தான் சாக்கெட் பிரிசர்வேஷன் என்கிறார்கள். இது சுருக்கத்தைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது. ‘எலும்பு அப்படியே நிற்கும்’ என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

1. பல் வெளியே வருவதற்கு முன்பே பேசுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். துகள் வைப்பது பல் எடுக்கும் அதே அமர்வில் நடக்கும் வேலை. குழி ஆறிய பிறகு போய்க் கேட்டால் அது வேறு சிகிச்சை, வேறு செலவு.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: இந்தப் பல்லை எடுத்த பிறகு அந்த இடத்தில் என்ன வைக்கப் போகிறோம், இம்ப்ளான்ட்டா, பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜா, கழற்றி மாட்டும் பல் செட்டா? குழியின் சுவர்கள் நன்றாக இருக்கின்றனவா? துகள் வைத்தால் எனக்கு என்ன லாபம், வைக்காவிட்டால் என்ன நஷ்டம்? இதை நீங்களே செய்வீர்களா, வாய் அறுவை சிகிச்சை நிபுணரோ ஈறு நிபுணரோ வந்து செய்வார்களா? பல கிளினிக்குகளில் நிபுணர் குறிப்பிட்ட நாளில்தான் வருவார். அந்த நாளுக்குத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பல்லை எப்படி எடுக்கப் போகிறார் என்பதையும் கேளுங்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமாக 2 வேர், மேல் கடைவாய்ப் பல்லுக்கு 3 வேர். முழுப் பல்லையும் ஆட்டி இழுத்தால் மெல்லிய சுவர் உடையலாம். பல்லைத் துண்டாக வெட்டி ஒவ்வொரு வேராக எடுத்தால் சுவரும், வேர்களுக்கு நடுவே உள்ள எலும்பும் தப்பிக்க வாய்ப்பு அதிகம். நேரம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. என்னைக் கேட்டால், எந்தத் துகளை வைக்கிறார்கள் என்பதைவிட இந்த நிதானம் முக்கியம்.

2. எல்லோருக்கும் இது தேவையில்லை

ஞானப் பல்லுக்குப் பெரும்பாலும் வேண்டாம். அந்த இடத்தில் யாரும் வேறு பல் வைப்பதில்லை. இம்ப்ளான்ட் எண்ணமே இல்லாதவர்களும் கடைவாயில் இதற்குச் செலவு செய்யும் முன் யோசிக்கலாம். குழியின் எல்லாச் சுவரும் தடிமனாக இருந்து, சில வாரங்களிலேயே இம்ப்ளான்ட் வைக்கும் திட்டம் இருந்தால் துகள் இல்லாமலேயே சமாளிக்கலாம் என்று சில டாக்டர்கள் சொல்வார்கள். அது நியாயமான பேச்சுதான். சீழ் கட்டியிருந்தால் முதலில் தொற்றைச் சரி செய்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். அப்போது அவசரப்படுத்தாதீர்கள். சீழ் உள்ள குழியில் வைத்த துகள் வீணாகிப் போகலாம்.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பல் டாக்டரிடம் போகிறோம், சர்க்கரை மாத்திரையைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்காதீர்கள். குழி ஆறுவது உடம்பு முழுவதையும் பொறுத்தது.

நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல், முடிந்தால் பழைய மருந்துச் சீட்டுகளோடு. சர்க்கரை உள்ளவர்கள் சமீபத்திய எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) ரிப்போர்ட். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) ரிப்போர்ட். இது பழையதாக இருக்கக் கூடாது, எத்தனை நாளுக்குள் எடுத்தது வேண்டும் என்று கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

எலும்புத் தேய்மானத்துக்கு வாராவாரம் போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, வருடம் ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட், 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி ஆகியவற்றில் எதையாவது எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அவற்றை எடுப்பவர்களுக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் உண்டு. வீட்டில் வயதான அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் இதைத் தவறாமல் விசாரியுங்கள். ‘மூட்டு வலிக்கு ஒரு ஊசி’ என்று மட்டும்தான் அவர்களுக்கு நினைவிருக்கும். கழுத்துப் பகுதியில் ரேடியேஷன் எடுத்தவர்கள், இதய வால்வு மாற்றியவர்கள், பென்சிலின் ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரும் அதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் படங்கள். ஒரு பல்லுக்கான சிறிய எக்ஸ்ரே போதுமா, இரண்டு தாடையும் தெரியும் ஓபிஜி வேண்டுமா, முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். கீழ்த் தாடையில் நரம்பும், மேல் தாடையில் சைனஸ் அறையும் (மூக்கை ஒட்டிய காற்றறை) எவ்வளவு நெருக்கத்தில் இருக்கின்றன என்பதுதான் கேள்வி. எடுத்த ஸ்கேனின் மூலக் கோப்பை சிடியிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். பிரிண்ட் மட்டும் போதாது. 4 மாதம் கழித்து வேறு டாக்டரிடம் போனாலும் அது உதவும்.

4. பொருளும் செலவும்

குழியில் வைக்கும் துகள்கள் நான்கு வகை. உங்கள் தாடையிலிருந்தே எடுப்பது, மனித தானத்திலிருந்து பெற்றுப் பதப்படுத்தியது, மாட்டு எலும்பிலிருந்து தயாரித்தது, ஹைட்ராக்ஸி அபடைட் அல்லது ட்ரை கால்சியம் பாஸ்பேட் போன்ற செயற்கைப் பொருள். பயோ-ஆஸ் என்று காதில் விழுந்தால் அது மாட்டு எலும்பு வகை. மேலே மூடும் படலமும் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியின் கொலாஜன். சமய, உணவு நம்பிக்கை காரணமாக இது உங்களுக்கு ஒத்துவராது என்றால் தயங்காமல் முதலிலேயே சொல்லுங்கள். செயற்கைத் துகள் இருக்கிறது. குழியில் வைத்த பிறகு தெரிந்து மனம் வருந்துவதில் பயனில்லை.

பிஆர்எஃப் என்று இன்னொன்று சொல்வார்கள். உங்கள் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, மெஷினில் சுழற்றி, அதில் கிடைக்கும் மஞ்சள் நிற ஜெல்லியைக் குழியில் வைப்பது. ஈறு ஆறுவதற்கும் வலி குறைவதற்கும் உதவும். எலும்பின் அகலத்தைக் காப்பதில் துகளுக்கு முழு மாற்றாக அதை எண்ண வேண்டாம். துகளோடு கலந்து வைப்பதும் உண்டு.

விலை ஊருக்கு ஊர், கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். தமிழ்நாட்டுத் தனியார் கிளினிக்குகளில் நான் விசாரித்தவரை, கடைவாய்ப் பல் எடுக்க மட்டும் ரூ.800 முதல் ரூ.3,000 வரை சொன்னார்கள். சிபிசிடி ஸ்கேன் ரூ.1,500 முதல் ரூ.3,500. பிஆர்எஃப் ரூ.2,000 முதல் ரூ.4,000. துகளும் படலமும் சேர்த்து முழு சாக்கெட் பிரிசர்வேஷன் ரூ.8,000 முதல் ரூ.25,000. இவ்வளவு இடைவெளிக்குக் காரணம் துகளின் பிராண்டும் அளவும். துகள் சின்னக் குப்பியில் 0.25 கிராம், 0.5 கிராம் என்று வரும். கடைவாய்க் குழி பெரியது என்பதால் எத்தனை குப்பி ஆகும் என்று முன்பே கேளுங்கள். “ஒரு குப்பிக்குத்தான் சொன்னேன், இரண்டாவது தனி” என்று நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டிருக்கும்போது சொன்னால் நம்மால் என்ன செய்ய முடியும்?

எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். பல் எடுப்பது, துகள், படலம், தையல், தையல் பிரிப்பது, மருந்து என்று தனித்தனியாக இருக்கட்டும். துகள் பெட்டியில் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), காலாவதித் தேதியோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதை உங்கள் சிகிச்சைச் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். சாதாரண மருத்துவக் காப்பீடுகள் பலவற்றில் விபத்தால் வந்த பல் சிகிச்சைக்கு மட்டும்தான் பணம் வரும். உங்கள் பாலிசியைப் பார்த்துவிட்டே நம்புங்கள்.

பணம் தட்டுப்பாடாக இருந்தால் பல் மருத்துவக் கல்லூரிகளைப் பாருங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தனியார் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு. அங்கே வாய் அறுவை சிகிச்சைப் பிரிவிலோ ஈறு நோய்ப் பிரிவிலோ கேட்க வேண்டும். மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். காத்திருப்பு அதிகம், ஆனால் அவசரப்படாமல் பல்லை எடுப்பார்கள்.

5. எந்த நாள், எந்த நேரம்

வாரத்தின் தொடக்கத்தில், காலை நேரத்தில் தேதி வாங்குங்கள். சனிக்கிழமை மாலை பல் எடுத்துக்கொண்டு ஞாயிறு ரத்தம் நிற்காமல் யாரைக் கூப்பிடுவது என்று தவிக்க வேண்டாம். மரத்துப்போகும் ஊசிதான் போடுவார்கள், மயக்க மருந்து கிடையாது என்றால் வயிறு காலியாகப் போகாதீர்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் வழக்கம்போல டிபனும் மாத்திரையும் முடித்துவிட்டுப் போங்கள். அடுத்த இரண்டு நாளில் வெளியூர்ப் பயணம், கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பல் துலக்கிவிட்டுப் போங்கள், அடுத்த நாள்வரை அந்தப் பக்கம் துலக்க முடியாது.

6. முதல் 24 மணி நேரம்

குழிக்குள் உறைந்து நிற்கும் ரத்தக் கட்டிதான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். துகள் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைக் கலைக்காமல் விடுவதுதான் உங்கள் வேலை.

வைத்துவிட்ட காஸ் துணியை 30 முதல் 45 நிமிடம் அழுத்திக் கடித்திருங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்த்தால் கட்டி பிய்ந்துகொண்டு வரும். எச்சிலைத் துப்பாதீர்கள், விழுங்கிவிடுங்கள். எச்சில் இளஞ்சிவப்பாக வருவதைப் பார்த்து வாய் நிறைய ரத்தம் என்று பயந்து துப்பிக்கொண்டே இருப்பவர்கள் பலர். அந்தத் துப்பலாலேயே ரத்தம் நிற்காது. உண்மையிலேயே சொட்டிக்கொண்டிருந்தால், சுத்தமான காஸை நனைத்துப் பிழிந்து, குழியின் மேல் வைத்து இன்னும் அரை மணி நேரம் கடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கொப்பளிக்க வேண்டாம், ஸ்ட்ரா வேண்டாம். இளநீரைக்கூட டம்ளரில் ஊற்றித்தான் குடிக்க வேண்டும். உறிஞ்சும் இழுப்பில் கட்டி வெளியே வந்துவிடும். கன்னத்தின் வெளியே, துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து 15 நிமிடம் எடுங்கள். தலையணையை உயர்த்திப் படுங்கள். மரப்பு போக 2 முதல் 4 மணி நேரம் ஆகலாம், அதுவரை சூடான காபி வேண்டாம். உதடு சுட்டாலும் தெரியாது. மேல் கடைவாய்ப் பல் என்றால் மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

வலி மாத்திரையை மரப்பு முழுதாகப் போவதற்குள் போட்டுக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்ததை மட்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இப்யூபுரூஃபன் வகை ஒத்துவராது, காய்ச்சல் இருந்தால் டெங்கு சந்தேகம் தீரும்வரை அதைத் தொடக்கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவதை இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

7. முதல் வாரச் சாப்பாடும் சுத்தமும்

குழைந்த ரசம் சாதம், தயிர் சாதம், நன்றாக ஆறிய ராகிக் கூழ், இட்லியைப் பாலிலோ சாம்பாரிலோ ஊறவைத்து, வேகவைத்து மசித்த காய், முட்டை. எதுவானாலும் வெதுவெதுப்பாக, மற்றப் பக்கம் மெல்லுங்கள். ரசத்தில் தாளித்த கடுகு குழிக்குள் போய் உட்கார்ந்தால் எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. வீட்டில் சொல்லித் தாளிக்காமல் வைக்கச் சொல்லுங்கள், அல்லது வடிகட்டுங்கள். எள், நிலக்கடலை, முறுக்கு, பொரி, கொய்யா விதை, தக்காளி விதை எல்லாம் இரண்டு வாரத்துக்கு வேண்டாம்.

24 மணி நேரம் கழிந்த பிறகு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகெல்லாம் வாயில் வைத்துத் தலையை மெதுவாகச் சாய்த்து, தானாக வழிய விடுங்கள். குளுகுளுவென்று கொப்பளிப்பது வேண்டாம், துகள் வைத்தவர்களுக்கு அது இன்னும் முக்கியம். குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்திருந்தால் சொன்ன நாள்வரை மட்டும். அதிக நாள் போனால் பல்லில் கறை படியும். மற்றப் பற்களை மறுநாளிலிருந்து வழக்கம்போலத் துலக்குங்கள், வாய் அழுக்காக இருந்தால் குழி ஆறாது.

புகை, வெற்றிலை பாக்கு, புகையிலை. குறைந்தது 72 மணி நேரம் கிட்டவே வரக்கூடாது. துகள் வைத்திருந்தால் சில வாரங்கள் தள்ளிப்போடச் சொல்வார்கள், கேளுங்கள். ஆறுவதைக் கெடுப்பதில் இதற்கு நிகர் இல்லை.

சுற்றியிருப்பவர்கள் அன்போடு சொல்லும் வைத்தியங்களை இப்போதைக்கு மறுத்துவிடுங்கள். கிராம்பு எண்ணெயை நேராகக் குழியில் விட்டால் சதை வெந்துபோகும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்தாலும் அதே கதை. மஞ்சள் தூள் அடைப்பதும், ஆயில் புல்லிங் செய்வதும் வேண்டாம்.

8. எது சாதாரணம், எதற்கு ஓட வேண்டும்

வீக்கம் 2, 3-ஆம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், பிறகு வடியும். குழியில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு படிவு தெரிந்தால் சீழ் என்று நினைத்துச் சுரண்டாதீர்கள். பெரும்பாலும் அது ஆறும்போது உண்டாகும் படலம்தான். துகள் வைத்த இடத்திலிருந்து மணல் மாதிரி ஒன்றிரண்டு துகள் நாக்கில் தட்டுப்படலாம், பரவாயில்லை. நிறைய வந்தாலோ, தையல் அவிழ்ந்து படலம் தொங்கினாலோ அன்றே கிளினிக்கைக் கூப்பிடுங்கள்.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். முதல் இரண்டு நாள் தேவலாம் என்றிருந்து, 3-ஆம் நாளுக்குப் பக்கத்தில் திடீரென்று வலி ஏறி, காது, நெற்றிப் பொட்டுவரை இழுத்து, வாயில் துர்நாற்றமும் சேர்ந்தால் அது டிரை சாக்கெட்டாக இருக்கலாம். ரத்தக் கட்டி கலைந்து எலும்பு வெறுமனே திறந்து கிடப்பதுதான் காரணம். மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதால் பயனில்லை. டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் அன்றே பெரும்பாலும் தணியும், தேவைப்பட்டால் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை மருந்தை மாற்றுவார். புகைபிடிப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும், கீழ் ஞானப் பல் எடுத்தவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம்.

தாடைக்குக் கீழே கழுத்துவரை வீக்கம் இறங்குவது, வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், குளிர்காய்ச்சல் இதில் எது வந்தாலும் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மறுநாளும் கீழ் உதடு மரத்தே இருந்தாலோ, மேல் பல் எடுத்த பிறகு குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியாக வந்தாலோ அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

9. தையல் பிரித்த பிறகு

தையலை 7 முதல் 14 நாளுக்குள் பிரிப்பார்கள். தானாகக் கரையும் நூல் என்றாலும் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். ஈறு மேலே மூடிக்கொள்ள 3, 4 வாரம் ஆகும், பெரிய கடைவாய்க் குழிக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம். எலும்பு உள்ளே கெட்டிப்பட மாதங்கள் பிடிக்கும். துகள் வைத்த இடத்தில் பொதுவாக 4 முதல் 6 மாதம் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுத்து, இம்ப்ளான்ட்டுக்குப் போதுமான அகலம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

வலி போய்விட்டது, சாப்பிட முடிகிறது என்று இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். துகள் எலும்பைத் தாங்கிப் பிடிப்பது அடுத்த சிகிச்சைக்காகத்தான். வருடக்கணக்கில் காலியாக விட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளிக்குள் சாயும், எதிர்த் தாடைப் பல் இறங்கிவரும். அப்போது எலும்பு இருந்தும் இம்ப்ளான்ட் வைக்க இடம் இருக்காது. தையல் பிரிக்கும் நாளிலேயே 4 மாதத்துக்குப் பிறகான தேதியைக் குறித்து வாங்கி, போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். அன்று போகும்போது பழைய ஸ்கேன் கோப்பு, ஸ்டிக்கர் ஒட்டிய சீட்டு, எழுதித் தந்த மதிப்பீடு மூன்றும் கையில் இருக்கட்டும்.